நாற்பது வயதில் கடைசி பெஞ்ச்

நம் வகுப்பில் யாரிடமாவது போய் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஒரு வருஷம் காலேஜுக்கு வரலாம். எந்த டிபார்ட்மெண்ட் கிளாஸில் வேண்டுமானாலும் உட்காரலாம். பரீட்சை கிடையாது, அட்டெண்டன்ஸ் கிடையாது, கடைசியில் டிகிரியும் கிடையாது. செலவுக்குப் பணமும் கொடுப்பார்கள்." எந்த மோசடிக் கம்பெனியிடம் ஏமாந்தாய் என்றுதான் கேட்பார்கள்.

ஆனால் இப்படி ஒரு ஏற்பாடு நிஜமாகவே உண்டு. எண்பது வருஷத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது. என்ன, அது நமக்கு இல்லை, பத்திரிகையாளர்களுக்கு. அதிலும் படித்து முடித்த கையோடு வருகிறவர்களுக்கு இல்லை. குறைந்தது ஐந்து வருஷமாவது முழுநேர வேலை பார்த்திருக்க வேண்டும். நடைமுறையில் பத்து, பதினைந்து வருஷம் ஓடிக் களைத்தவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். ஹார்வர்டில் இருப்பது நீமன் ஃபெல்லோஷிப். ஸ்டான்ஃபோர்டிலும் மிச்சிகனிலும் இதே மாதிரி உண்டு. அறிவியல் எழுதுகிறவர்களுக்கு எம்.ஐ.டி.யில் ஒன்று, பொருளாதாரம் எழுதுகிறவர்களுக்குக் கொலம்பியாவில் ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டில் ராய்ட்டர்ஸ் பெயரில் 1983லிருந்து நடக்கிறது. எல்லாவற்றுக்கும் மூத்தது நீமன்தான் என்பதால் அதை வைத்தே பேசுகிறேன்.

லூசியஸ் நீமன் என்பவர் அமெரிக்காவில் மில்வாக்கி ஜர்னல் என்ற நாளிதழை வளர்த்தவர். அவர் இறந்த சில மாதங்களில், 1936ல், அவர் மனைவி ஆக்னஸும் இறந்தார். தன் சொத்தில் பெரும்பங்கை ஹார்வர்டுக்கு எழுதி வைத்திருந்தார். அமெரிக்க இதழியலின் தரத்தை உயர்த்த வேண்டும், அதற்குத் தகுதியானவர்களைப் படிக்க வைக்க வேண்டும், இதுதான் உயிலில் இருந்த விருப்பம். அப்போது ஹார்வர்டின் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட், வேதியியல்காரர். பணம் வந்துவிட்டது, என்ன செய்வது என்று புரியவில்லை. ஜர்னலிசம் காலேஜ் ஒன்று தொடங்க அவருக்கு இஷ்டம் இல்லை. நல்ல நாளிதழ்களை மைக்ரோஃபிலிமில் சேர்த்து வைக்கலாம் என்று ஒரு யோசனை. கூடவே, வேலையில் இருக்கும் நிருபர்களை ஒரு வருஷம் கூப்பிட்டு உட்கார வைக்கலாம் என்று இன்னொன்று. இந்த இரண்டாவதை அவரே சந்தேகத்துக்குரிய சோதனை என்றுதான் சொல்லிக்கொண்டு 1938ல் தொடங்கினார். முதல் வருஷம் ஒன்பது பேர். இன்றைக்கும் இந்த அமைப்பின் தலைவருக்கு 'கியூரேட்டர்' என்று பெயர், அந்த மைக்ரோஃபிலிம் யோசனையின் மிச்சம். மியூசியத்தில் பழைய எலும்புகளுக்குப் பொறுப்பாக இருப்பவரின் பதவிப் பெயர் பத்திரிகையாளர்களுக்குப் பொருந்திப் போனது தற்செயல்தான் என்று நம்புவோம். முதல் ஏழு வகுப்புகளில் ஒரு பெண் கூடக் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1945ல்தான் இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள்.

எனக்கு இதில் பிடித்த விஷயம், அங்கே யாரும் அவர்களுக்கு இதழியல் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதுதான். தலைப்பு வைப்பது எப்படி, பேட்டி எடுப்பது எப்படி என்பதை எல்லாம் பேராசிரியரை விட அவர்களுக்கே நன்றாகத் தெரியும். சட்டமோ வரலாறோ மருத்துவமோ, போய்க் கேட்கலாம். படிக்கும் காலத்தில் தொழில்முறையாக எழுதக்கூடாது என்று ஒரு விதி வேறு. தினமும் எழுதியே பழகின கை ஒன்பது மாசம் சும்மா இருக்க வேண்டும். கணவனோ மனைவியோ கூட வந்தால் அவர்களும் வகுப்பில் உட்காரலாம்.

"சும்மா உட்கார வைத்து என்ன பிரயோஜனம்?" என்று கேட்பவர்களுக்கு ராபர்ட் காரோ கதையைச் சொல்ல வேண்டும். காரோ நியூயார்க் பக்கத்து நியூஸ்டே நாளிதழின் நிருபர். ராபர்ட் மோசஸ் என்பவர் அந்த நகரத்தின் பூங்காக்கள், பாலங்கள், நெடுஞ்சாலைகளை எல்லாம் பல பத்தாண்டுகள் தன் கையில் வைத்திருந்தவர். ஒரு தேர்தலில் கூட ஜெயித்தவர் இல்லை. அவர் கட்ட நினைத்த ஒரு பாலம் எவ்வளவு மோசமான யோசனை என்று காரோ தொடர் கட்டுரை எழுதினார். கவர்னரிலிருந்து சட்டமன்றத் தலைவர்கள் வரை ஆமாம் ஆமாம் என்றார்கள். வேலை முடிந்தது என்று காரோ நினைத்திருக்க, மோசஸ் ஒரு தடவை தலைநகர் ஆல்பனிக்கு வந்து போனார். அத்தனை பேரும் பாலத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். நிருபர் இந்த இடத்தில் என்ன செய்வார்? அடுத்த நாள் செய்திக்கு ஓடுவார். ஓடித்தான் ஆக வேண்டும்.

1965ல் காரோவுக்கு நீமன் கிடைத்தது. நகரத் திட்டமிடல் வகுப்பு ஒன்றில் போய் உட்கார்ந்தார். நெடுஞ்சாலை எந்த இடத்தில் வர வேண்டும் என்பது எப்படி முடிவாகிறது என்று அங்கே பாடம். மக்கள் நெருக்கம், போக்குவரத்து, சரிவு, செலவு என்று சூத்திரங்கள் போர்டு முழுக்க. அவரும் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தவர், திடீரென்று இது எதுவும் உண்மை இல்லையே என்று யோசித்ததாகப் பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். மோசஸ் அங்கே வேண்டும் என்றார், சாலை அங்கே வந்தது, அவ்வளவுதான். அப்படியானால் ஓட்டே வாங்காத ஒருவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? அதை எழுத ஒன்பது மாசம் போதும் என்று ஆரம்பித்தார். ஏழு வருஷம் ஆனது. 1974ல் வந்த 'தி பவர் புரோக்கர்' ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள், அடுத்த வருஷம் புலிட்சர். இன்றைக்கும் நகரத் திட்டமிடல் படிக்கிறவர்கள் கையில் அந்தப் புத்தகம் இருக்கிறது. எந்தப் பாடத்தைக் கேட்டுக் 'கதை விடுகிறார்கள்' என்று நினைத்தாரோ அதே பாடத்துக்கு!

கவனியுங்கள், வகுப்பு அவருக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுத்துவிடவில்லை. மோசஸைப் பற்றி அவருக்கு ஏற்கனவே தெரியும். தெரிந்ததன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க இடம் கிடைத்தது, அவ்வளவே. நாளிதழ் வேலை எதைக் கொடுத்தாலும் அதை மட்டும் கொடுக்காது. (முதலாளிகளுக்கு ஒரு பயம் உண்டு, படிக்கப் போனவன் திரும்ப வருவானா என்று. காரோ விஷயத்தில் அந்தப் பயம் நியாயமானதுதான். நியூஸ்டே ஒரு நல்ல நிருபரை இழந்தது.)

ஆண்டனி லூயிஸ் இன்னொரு மாதிரி. 1956-57ல் ஹார்வர்டில் சட்டம் படித்தார், திரும்பிப் போய் நியூயார்க் டைம்ஸுக்காக உச்சநீதிமன்றச் செய்திகளை எழுதினார், தீர்ப்பைப் படித்துப் புரிந்துகொண்டு எழுதுகிற ஒரு தலைமுறைக்கு முன்மாதிரி ஆனார். நேர்கோட்டுக் கதை. விளம்பரத்தில் போடலாம்.

எனக்கு அதிகம் தைத்தது தென்னாப்பிரிக்கர்களின் கதைதான். நீமன் வகுப்பில் 1960லிருந்து தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர்கள் இருந்திருக்கிறார்கள். நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த காலம்.

பெர்சி கோபோசா கறுப்பின வாசகர்களுக்கான 'தி வேர்ல்டு' நாளிதழின் ஆசிரியர். பத்திரிகை வெள்ளையர் நிறுவனத்துக்குச் சொந்தம். 1975-76ல் ஹார்வர்டு போனார். ஹார்வர்டு இருப்பது பாஸ்டன் பக்கத்துக் கேம்பிரிட்ஜில், இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜ் இல்லை. அங்கே தன்னைப் பயமுறுத்தியது எது என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். ஊரில் நடந்த அநியாயத்தை எல்லாம் 'இங்கே வழக்கம் இதுதான்' என்று தானும் ஏற்றுக்கொண்டிருந்தேனே என்று உறைத்ததுதானாம். பழகிப் போன விஷயங்கள் அதற்குப் பிறகு கோபத்தை மூட்டின. எந்தப் பேராசிரியரும் அதைப் பாடமாக நடத்தவில்லை. ஒரு வருஷம் சாதாரண மனிதனாகத் தெருவில் நடந்தார், அது போதுமாக இருந்தது.

அவர் படிப்பு முடிகிற அதே 1976 ஜூனில் சொவெட்டோ வெடித்தது. ஆஃப்ரிகான்ஸ் மொழியில்தான் படிக்க வேண்டும் என்று திணித்ததை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள், போலீஸ் சுட்டது. 1965 பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அடுத்த ஒன்றேகால் வருஷம் கோபோசாவின் பத்திரிகை அரசாங்கத்துக்குத் தலைவலியாகவே இருந்தது. 1977 அக்டோபர் 19 அன்று பத்திரிகையைத் தடை செய்தார்கள், அவரைப் பிடித்து விசாரணை இல்லாமல் பல மாதம் உள்ளே வைத்தார்கள். வெளியே வந்து மறுபடியும் ஆசிரியர் வேலையே பார்த்தார். 1988 ஜனவரி 17, தன் ஐம்பதாவது பிறந்தநாளில் இறந்தார்.

அவருக்குப் பதினோரு வருஷம் முன்னால் அதே ஹார்வர்டுக்கு வந்தவர் நாட் நகாசா. டர்பன்காரர். 'டிரம்' பத்திரிகையில் எழுதிப் பெயர் வாங்கியவர், 'தி கிளாசிக்' என்ற இலக்கிய இதழைத் தொடங்கியவர், ஜோகன்னஸ்பர்க்கின் ராண்ட் டெய்லி மெயிலில் பத்தி எழுதிய முதல் கறுப்பினத்தவர். 1964ல் நீமன் கிடைத்தபோது வயது இருபத்தேழு. அரசாங்கம் பாஸ்போர்ட் தர மறுத்தது. வேண்டுமானால் 'வெளியேறும் அனுமதி' தருகிறோம் என்றது. ஒரு வழிச் சீட்டு அது. போகலாம், திரும்பி வர முடியாது. அவர் அதில் கையெழுத்துப் போட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் லூயிஸ் ங்கோசி என்ற எழுத்தாளரும் இதே மாதிரிதான் ஹார்வர்டு போனார்.

1965 ஜூலை 14, நியூயார்க்கில் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து நகாசா இறந்தார். ஃபெல்லோஷிப் முடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. இருபத்தெட்டு வயது. அங்கேயே புதைத்தார்கள். எலும்புகள் டர்பனுக்குத் திரும்பிப் போனது 2014 ஆகஸ்டில். நாற்பத்தொன்பது வருஷம்.

இந்த இரண்டு பேரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒன்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. ஹார்வர்டு இரண்டு பேருக்கும் கொடுத்தது ஒன்றுதான். அதே நூலகம், அதே வகுப்புகள், அதே குளிர். கோபோசாவுக்கு ஊரில் ஒரு மேஜையும் நாற்காலியும் காத்துக்கொண்டிருந்தன, நகாசாவுக்கு இல்லை. மொத்த ஏற்பாடுமே 'இவர் திரும்பிப் போவார்' என்ற அனுமானத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. திரும்ப இடம் இருந்தால்தான் விலகி இருப்பதற்கு அர்த்தம். இல்லாவிட்டால் அந்தத் தூரம் வேறு ஏதோ ஒன்றாகிவிடுகிறது.

இந்த வரிசையில் நமக்குத் தெரிந்த பெயரும் உண்டு. ஜே.எஸ். திசநாயகம், கொழும்பில் ஆங்கிலத்தில் எழுதிய தமிழ்ப் பத்திரிகையாளர், 'நார்த் ஈஸ்டர்ன் மன்த்லி' இதழின் ஆசிரியர். 2008 மார்ச்சில் கைது. 2006ல் அந்த இதழில் வந்த கட்டுரைகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கு. 2009 ஆகஸ்ட் 31 அன்று இருபது வருஷம் கடூழியச் சிறை என்று தீர்ப்பு. கட்டுரைக்கு இருபது வருஷம்! உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்தது. 2010 ஜனவரியில் ஜாமீன், மே மாதம் பொது மன்னிப்பு, அதன் பிறகு அமெரிக்கா. 2010-11ல் அவர் நீமன் ஃபெல்லோ.

அவருக்கு அந்த ஒரு வருஷம் படிப்பு மட்டும் இல்லை, புகலிடமும்தான். சிறையா ஹார்வர்டா என்றால் ஹார்வர்டுதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் நாம் இதைக் கொண்டாடும்போது ஒரு பக்கத்தை மறந்துவிடுகிறோம். மன்னிப்புக் கொடுத்து விமானம் ஏற்றி அனுப்பிவிட்டால் அரசாங்கத்துக்கு நிம்மதி. கொழும்பில் அவரைப் படித்தவர்களுக்கு என்ன மிச்சம்? பல்கலைக்கழகம் ஒரு மனிதரைக் காப்பாற்றும். அவர் விட்டுவிட்டுப் போன பத்தியை அதனால் காப்பாற்ற முடியாது. அந்தப் புகலிடமும் நிரந்தரம் இல்லை. 2025 மே மாதம் அமெரிக்க அரசாங்கம் ஹார்வர்டு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கவே கூடாது என்று உத்தரவு போட, நீதிமன்றம் தலையிட்டுத்தான் அதை நிறுத்தி வைத்தது.

அதனால்தான் "எப்படி விண்ணப்பிப்பது?" என்ற கேள்வியை விட "ஏன் இங்கே இல்லை?" என்ற கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீமனுக்கு ஆங்கிலம் சரளமாக வர வேண்டும். ஒரு வருஷம் வேலையை விட்டுப் போக நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். நம் ஊர்த் தாலுகா நிருபரை நினைத்துப் பாருங்கள். அச்சில் வந்த செய்திக்கு இவ்வளவு என்று கூலி. காலையில் கலெக்டர் ஆபீஸ் மனுநாள், மத்தியானம் ஆஸ்பத்திரி வாசல், சாயங்காலம் கட்சிக் கூட்டம், நடுவில் பத்திரிகைக்கு விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். அந்தத் தாலுகாவின் அணை, ஆறு, கொலை, கந்துவட்டி எல்லாம் அவருக்கு அத்துபடி. ஆனால் பட்ஜெட் புத்தகத்தை எடுத்து வைத்து நாலு நாள் யோசிக்க அவருக்கு நேரமும் இல்லை, சொல்லித்தர ஆளும் இல்லை. இவர் கேம்பிரிட்ஜ் போகப் போவதில்லை. போக வேண்டியதும் இல்லை.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் டெல்டா நிருபர் ஒருவர் ஒரு வருஷம் உட்காரட்டும். நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தில் கடற்கரை நிருபர் ஒருவர். சென்னை சட்டப் பல்கலைக்கழகத்தில், பத்து வருஷம் கோர்ட் செய்தி எழுதி ஓய்ந்த ஒருவர். சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, ஆஸ்பத்திரிச் செய்தி எழுதுகிறவர் ஆறு மாசம் அங்கே போய் வரட்டும். வகுப்பு ஏற்கனவே நடக்கிறது, வாத்தியார் ஏற்கனவே இருக்கிறார், கூட ஒரு நாற்காலிதான் வேண்டும். செலவு என்று பார்த்தால் அவர் குடும்பத்தின் ஒரு வருஷச் சாப்பாடும் வாடகையும்.

நமக்கும் இதில் லாபம் உண்டு. பொருளாதாரம் படிக்கிற நாங்கள் விவசாயக் கடன் என்பதை ஒரு வரைபடமாகத்தான் பார்த்திருக்கிறோம். கூட்டுறவு வங்கி வாசலில் இருபது வருஷம் நின்ற ஒருவர் பின்னால் உட்கார்ந்து "சார், நீங்க சொல்றது அங்கே நடக்கலையே" என்று ஒரு தடவை சொன்னால் அந்தப் பாடம் எங்கள் யாருக்கும் மறக்காது. காரோ வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள் சொன்னதை எங்கள் நிருபர் சத்தமாகவே சொல்வார் என்று எதிர்பார்க்கிறேன்.

பணம் யார் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். அரசாங்கம் கொடுத்தால் அது விருது மாதிரி ஆகிவிடும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று மேலிருந்து போன் வரும். கம்பெனி கொடுத்தால் அந்தக் கம்பெனியின் ஆலைக் கழிவைப் பற்றி எழுதுகிறவருக்கு இடம் கிடைக்காது. நகாசாவின் 'கிளாசிக்' இதழுக்குப் பணம் கொடுத்த ஃபார்ஃபீல்டு ஃபவுண்டேஷன் சி.ஐ.ஏ.வின் முகமூடி என்று பிற்பாடுதான் வெளியே தெரிந்தது. ஆக்னஸ் நீமனின் பணம் ஒரு நாளிதழ் சம்பாதித்த பணம், கொடுத்தவரும் உயிரோடு இல்லை. இதை விடத் தோதான புரவலர் அமைய முடியாது. நம்மூரில் மூன்று தலைமுறையாகப் பத்திரிகை நடத்திச் செழித்த குடும்பங்கள் உண்டு. கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள், கோயில் கும்பாபிஷேகம் செய்திருக்கிறார்கள். தங்கள் நிருபர் ஒருவரின் நாற்காலியை ஒரு வருஷம் காலியாக வைத்திருப்பது அதை விடச் செலவு குறைவு.

ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. முடிவில் புராஜெக்ட் கேட்கக் கூடாது. ஸ்டான்ஃபோர்டு 2009 வாக்கில் தன் திட்டத்தை மாற்றி, வருகிறவர்கள் புதுமையான யோசனை ஒன்றோடு வர வேண்டும் என்றது. பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த நேரம், அவர்கள் கவலை புரிகிறது. ஆனால் நம் ஊரில் அப்படி ஆரம்பித்தால் மூன்றாவது மாசமே கைடு, ரெவ்யூ, பவர்பாயிண்ட், ஸ்பைரல் பைண்டிங் என்று நம்மைப் போலவே அலைய விட்டுவிடுவார்கள். ஜெராக்ஸ் கடைக்காரரைத் தவிர யாருக்கும் பிரயோஜனம் இருக்காது.

அடுத்த வாரம் எங்கள் துறைத் தலைவரைப் பார்க்கும்போது இதைக் கேட்கப் போகிறேன். முழு ஃபெல்லோஷிப் எல்லாம் இல்லை, வருகிற செமஸ்டரில் பொது நிதி வகுப்புக்கு வாரம் மூன்று மணி நேரம், இந்த ஊர் நிருபர்கள் இரண்டு பேருக்கு அனுமதி. அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரில் அவர்கள் பெயரை எந்த வரிசையில் எழுதுவது என்றுதான் முதலில் கேட்பார். அதற்குப் பதில் யோசித்து வைத்திருக்கிறேன், எழுதவே வேண்டாம் சார்.